வயிற்றில் குழந்தை இருக்கும்போது எந்த ஸ்கேன் எடுக்கலாம்?

மூன்றாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்கு விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் ஒருவர், பிரசவம் முடியட்டும் அப்புறம் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். எக்ஸ்ரே சீட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. அந்த இருமல் காசநோயாக இருந்துவிட்டால், பிரசவம் வரை காத்திருப்பது தாயையும் குழந்தையையும் சேர்த்தே பாதிக்கும். ஆனால் அந்த எக்ஸ்ரேயால் குழந்தைக்கு எவ்வளவு கதிர்வீச்சு போய்ச் சேரும் என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை. அதிகபட்சம் 0.01 மில்லிகிரே.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். கதிர்வீச்சு உடலின் திசுவில் விட்டுச்செல்லும் ஆற்றலை கிரே என்ற அலகால் அளக்கிறார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் இயற்கையாகவே வரும் கதிர்வீச்சு, கர்ப்பம் முழுவதும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் அரை முதல் ஒரு மில்லிகிரே வரை சேர்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே கூடுதலாகச் சேர்ப்பது, அதிகமாகக் கணக்கிட்டாலும், அதில் ஐம்பதில் ஒரு பங்கு. கரு இழப்பு, வளர்ச்சிக் குறை போன்ற தீங்கு என்ற பேச்சே 50 மில்லிகிரேக்கு மேல்தான் எழுகிறது; புற்றுநோய்க் கணக்கு வேறு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

கர்ப்ப காலத்தில் கதிர்வீச்சு இல்லாத சோதனையை முதலில் தேட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது பதில் சொல்லாதபோது, தேவையான எக்ஸ்ரேயையோ, பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் சி.டி. ஸ்கேனையோ பயத்தால் தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலும் அதிகக் கெடுதல் செய்கிறது. அளவு தெரியாத பயத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்தது இல்லை. 1950-களில் கர்ப்பிணியின் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது சாதாரண விஷயம். இடுப்பெலும்பு பிரசவத்துக்கு இடம் கொடுக்குமா, வயிற்றில் இருப்பது இரட்டையா, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேறு வழி கிடையாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் கர்ப்ப காலத்தில் என்னென்ன நடந்தது என்று விரிவாகக் கேட்டுப் பதிவுசெய்தார். நலமான குழந்தைகளின் தாய்மார்களைவிட, வயிற்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்கள் அவர்களில் அதிகம் இருந்தார்கள். 1956-இல் முதல் குறிப்பையும் 1958-இல் முழு ஆய்வையும் வெளியிட்டார். அன்றைய மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பழையதை எல்லாம் தோண்டித் துருவி நினைவுகூர்வாள், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்றார்கள். 1962-இல் அமெரிக்காவில் பிரையன் மக்மேஹன், தாயின் நினைவை நம்பாமல் மருத்துவமனைப் பதிவேடுகளையே எடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கப்பட்ட கர்ப்பங்களில் பிறந்த குழந்தைகளிடம் புற்றுநோய் இறப்பு சுமார் 40 சதவீதம் அதிகம் என்று அவருக்கும் தெரிந்தது. ஆலிஸ் ஸ்டூவர்ட் சொன்னது சரிதான்.

இரண்டாவது சான்று இன்னும் கொடுமையானது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கரு உருவாகி 8 முதல் 15 வாரத்துக்குள் அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம் தலை சிறுத்துப்போவதும் அறிவு வளர்ச்சி குன்றுவதும் தெளிவாகத் தெரிந்தன. மூளையின் நரம்பணுக்கள் பெருகித் தத்தம் இடத்துக்கு நகர்ந்து போகும் காலம் அது. 16 முதல் 25 வாரத்தில் பாதிப்பு குறைந்தது. ஆனால் அளவைப் பாருங்கள். கடுமையான அறிவுக் குறைபாடு தொடங்கும் எல்லை 60 முதல் 310 மில்லிகிரே வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1000 மில்லிகிரே சேர்ந்தால் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சுமார் 25 புள்ளி குறைகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயின் 0.01-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும்.

புற்றுநோய்க் கணக்கு சற்று வேறு மாதிரி. அதற்கு இந்த அளவுக்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று ஒரு கோடு போட முடியாது என்று வைத்துக்கொண்டே வல்லுநர்கள் கணக்குப் போடுகிறார்கள். ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் வேக்ஃபோர்டும் 1997-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னது: ஒரு கிரேக்கு சுமார் 6 சதவீதம். அதாவது 10 மில்லிகிரே பட்டால், 10,000 குழந்தைகளில் சுமார் 6 பேருக்குக் கூடுதலாகக் குழந்தைப் பருவப் புற்றுநோய் வரலாம். இதை அப்படியே இறக்கிக்கொண்டு போனால், 0.01 மில்லிகிரேக்கு ஒரு கோடிக் குழந்தைகளில் 6. பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. தாயின் காசநோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதற்கு எதிரே இதை வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை.

பயமே என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி கிரீஸில் இருக்கிறது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. பல நூறு மைல் தள்ளி இருந்த கிரீஸில் மக்களுக்கு வந்து சேர்ந்த கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்கூட இல்லை (எக்ஸ்ரே போன்ற கதிருக்கு மில்லிசீவர்ட்டும் மில்லிகிரேயும் ஏறக்குறைய ஒன்றுதான்), அதாவது கருவுக்கு இயற்கையாகவே சேரும் அளவை ஒட்டியதுதான். ஆனால் செய்தித்தாள்களும் வதந்தியும், சரியாகச் சொல்லத் தெரியாத மருத்துவர்களும் சேர்ந்து கர்ப்பிணிகளைக் கலங்கடித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் பெரும் பள்ளம் விழுந்தது. ஆசையாகச் சுமந்த சுமார் 2,500 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டிருக்கும் என்று திமித்ரியோஸ் திரிகோபௌலோஸ் குழுவினர் 1987-இல் கணக்கிட்டு எழுதினார்கள். கதிர்வீச்சு அங்கே ஒரு கருவையும் கலைக்கவில்லை, அதைப் பற்றிய தவறான பேச்சு கலைத்தது. ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவர்கள், கர்ப்பிணிக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

எங்கே படுகிறது என்பதுதான் கணக்கு

எக்ஸ்ரே என்ற ஒரே சொல்லுக்குள் ஆயிரம் மடங்கு வித்தியாசமுள்ள சோதனைகள் அடங்கிக் கிடக்கின்றன. கதிர்க்கற்றை நேராகக் கருப்பையின் மேல் விழுகிறதா, அல்லது உடலின் வேறொரு மூலையில் விழுகிறதா என்பதே முக்கியம். கை, கால், கழுத்து, பல் எக்ஸ்ரேக்களில் கருவுக்குப் போவது அளக்கவே சிரமமான அளவு. பல்வலியோடு ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, பல் எக்ஸ்ரே தாராளமாக எடுக்கலாம். மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால் முதலில் அல்ட்ராசவுண்ட். அதற்கு மேல் மேமோகிராம் தேவைப்பட்டாலும் கருவுக்குச் சேர்வது 0.001 முதல் 0.01 மில்லிகிரே. தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனிலும் ஏறக்குறைய அதே அளவுதான். சி.டி. என்றாலே வயிறு முழுக்கக் கதிர் பாயும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

வயிற்று எக்ஸ்ரேக்கு வந்தால் 0.1 முதல் 3, இடுப்பு முதுகெலும்புக்கு 1 முதல் 10 மில்லிகிரே. வயிற்று சி.டி. இயந்திரத்தையும் எடுக்கும் முறையையும் பொறுத்து 1.3 முதல் 35 வரை போகும். இடுப்புப் பகுதி சி.டி. 10 முதல் 50. அந்தக் கடைசி எண்ணிடம்தான் நாம் எல்லையைத் தொடுகிறோம், அதனால்தான் அங்கே கூடுதல் யோசனை தேவை. ஆனால் அங்கேகூட ஒரு முறை எடுத்த ஸ்கேன் எல்லையைத் தாண்டுவது அபூர்வம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு (ஏ.சி.ஓ.ஜி.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் இதுதான்: அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் முதல் தேர்வு. அவை போதாமல் எக்ஸ்ரேயோ சி.டி.யோ தேவைப்பட்டால், கர்ப்பம் என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது.

வயிற்றின் மேல் போடும் ஈயக் கவசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் பலருக்கு மனம் ஆறுவதில்லை. உண்மையில், நெஞ்சில் படும் கதிர் கருவை அடைவது பெரும்பாலும் உடலுக்கு உள்ளேயே சிதறித்தான். வெளியே போர்த்திய ஈயம் அதைத் தடுக்காது. கவசம் படத்துக்குள் நுழைந்துவிட்டால் இன்னும் தொல்லை: இயந்திரம் போதுமான கதிர் வரவில்லை என்று எண்ணித் தானாகவே அளவைக் கூட்டும், அல்லது பார்க்க வேண்டிய இடம் மறைந்து மறுபடி எடுக்க வேண்டி வரும். இதனால்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் 2019-இல் இந்தக் கவசத்தை வழக்கமாகப் போடுவதை நிறுத்தச் சொன்னது. யாராவது கவசம் தராமல் எக்ஸ்ரே எடுத்தால் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். கற்றையைத் தேவையான இடத்துக்கு மட்டும் சுருக்குவதும், தேவையில்லாத கூடுதல் படங்களைத் தவிர்ப்பதும்தான் மெய்யான பாதுகாப்பு.

அல்ட்ராசவுண்ட்: முதல் கதவு

ஆலிஸ் ஸ்டூவர்ட்டின் முழு ஆய்வு வந்த அதே 1958-இல் இன்னொரு கட்டுரையும் வெளிவந்தது. கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்ட், ஜான் மக்விகார், டாம் பிரவுன் மூவரும் ஒலியலையால் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் படம் பிடித்துக் காட்டினார்கள். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கும் கருவிதான் டொனால்டுக்கு வழிகாட்டி. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கொதிகலன் செய்யும் ஆலைக்கே எடுத்துப்போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தவர் அவர். கர்ப்பிணியின் வயிற்று எக்ஸ்ரே மெல்ல மெல்ல மறைந்ததற்குப் பெரிய காரணம் இந்தக் கண்டுபிடிப்பு.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலி. இத்தனை ஆண்டுகளில் கோடிக்கணக்கான கர்ப்பங்களில் பயன்பட்டும், முறைப்படி செய்த சோதனையால் குழந்தைக்குத் தீங்கு என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் ஒலியும் ஓர் ஆற்றல்தான், திசுவில் பட்டால் சூடாக்கும். அதனால்தான் ஸ்கேன் திரையின் ஓரத்தில் டி.ஐ., எம்.ஐ. என்ற இரண்டு சிறிய எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முதலாவது சூட்டுக்கான குறியீடு. அது 1 என்று காட்டினால், மோசமான சூழலில் திசு சுமார் ஒரு டிகிரி சூடேறக்கூடிய ஆற்றல் போகிறது என்று பொருள். இரண்டாவது, ஒலியின் அழுத்தத்தால் வரக்கூடிய விளைவுக்கானது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இவை தாழ்ந்தே இருக்கும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரை, அதிலும் ஒரே இடத்தில் குவிக்கும் வகையை, அழுத்தினால் டி.ஐ. ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். எனவே முதல் மூன்று மாதத்தில் டாப்ளரைக் காரணமில்லாமல் போடுவதில்லை. தேவைப்பட்டால் டி.ஐ. 1-ஐத் தாண்டாமல், மிகக் குறைந்த நேரத்துக்கு. ஆரம்ப வாரங்களில் இதயத் துடிப்பை எம்-மோடு என்ற, அசைவைக் கோடாக வரையும் படத்தில் எண்ணிவிடலாம். துடிப்பின் சத்தத்தைக் கேட்கும் ஆசைக்காக ஆறேழு வாரக் கருவின் மேல் டாப்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நினைவுக்காக மட்டும் நீண்ட நேரம் வீடியோ எடுப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

கர்ப்பத்தோடு தொடர்பில்லாத நோய்க்கும் அல்ட்ராசவுண்ட்தான் முதல் கதவு. பித்தப்பைக் கல், காலில் ரத்தக்கட்டி, கருப்பைக்குப் பக்கத்தில் சினைப்பை முறுக்கிக்கொள்வது எல்லாவற்றையும் அதிலேயே பிடித்துவிடலாம். சிறுநீரகக் கல்லில் மட்டும் ஒரு சிக்கல். கருப்பை பெரிதாகி சிறுநீர்க் குழாயை அழுத்துவதால், கல் இல்லாமலே வலது சிறுநீரகம் சற்று வீங்கித் தெரிவது கர்ப்பத்தில் இயல்பு. கல்லால் வந்த வீக்கமா, இயல்பான வீக்கமா என்று பிரிக்க, சிறுநீர்ப்பைக்குள் இரு பக்கமும் சிறுநீர் பீறிட்டு வருகிறதா என்று டாப்ளரில் பொறுமையாகக் காத்திருந்து பார்ப்பார்கள்.

குடல்வால் அழற்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் கர்ப்பிணிக்கு வரும் அவசர அறுவை சிகிச்சைகளில் பிரசவம் சாராதவற்றுள் முதலிடம் அதற்குத்தான். ஸ்கேன் செய்பவர் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் கருவியை வைத்து, வலிக்கும் இடத்தை மெல்ல மெல்ல அழுத்துவார். அழுத்த அழுத்த மேலே உள்ள குடல் விலகி வழிவிடும். நல்ல குடல்வால் அந்த அழுத்தத்தில் தட்டையாகிவிடும். அழற்சியால் வீங்கியது தட்டையாகாமல் தடித்த குழாய்போல நிற்கும், குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் மாதம் ஏற ஏற கருப்பை குடலை மேலே தள்ளுவதால், குடல்வால் வழக்கமான இடத்தில் இல்லாமல் விலா எலும்பை நோக்கி நகர்ந்திருக்கும். அழுத்தவும் இடம் இருக்காது. எத்தனை தேடியும் குடல்வாலே கண்ணில் படாமல் போவது அடிக்கடி நடக்கும். கண்ணில் படவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருள் கிடையாது, இதை மறந்துவிடக் கூடாது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டால் குழந்தையை இழக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். காத்திருக்க நேரமில்லை, அடுத்த கதவுக்குப் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ., ஆனால் காடோலினியம் இல்லாமல்

அடுத்த கதவு எம்.ஆர்.ஐ. இதிலும் எக்ஸ்ரே கிடையாது, காந்தப் புலமும் ரேடியோ அலையும்தான். குடல்வால், மூளை, முதுகுத்தண்டு, நச்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள் ஆழமாக ஊடுருவியிருக்கிறதா, குழந்தையின் மூளை சரியாக வளர்கிறதா என்ற கேள்விகளுக்கு இது நன்றாகப் பதில் சொல்லும். கர்ப்பத்தில் தலைவலியோடு வருகிறவருக்கு மூளையின் சிரைக்குழாயில் ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும்போது, எந்த மருந்தும் ஏற்றாமலே எம்.ஆர்.ஐ.யில் ரத்த ஓட்டத்தைப் படமாக்க முடியும்.

முதல் மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று முன்பு பல இடங்களில் சொல்வார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் பதிவை ஜோயல் ரே குழுவினர் அலசி 2016-இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்த 1,737 கர்ப்பங்களில் குழந்தை இறப்போ, பிறவிக் குறையோ, பார்வை, செவி இழப்போ அதிகமாகத் தெரியவில்லை. தேவை இருந்தால் எந்த மாதமானாலும் எடுக்கலாம் என்று சொல்ல இது பெரிய பலம்.

அதே ஆய்வு இன்னொரு எச்சரிக்கையையும் கொடுத்தது. படம் பளிச்சென்று தெரிய நரம்பில் ஏற்றும் காடோலினியம் மருந்து, நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் சிறுநீரகம் அதைப் பனிக்குட நீரில் வெளியேற்றும், அந்த நீரைக் குழந்தை மறுபடி விழுங்கும். மருந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காடோலினியம் ஏற்றப்பட்ட 397 கர்ப்பங்களில் 7 குழந்தைகள் பிறக்கும் முன்போ பிறந்த 28 நாட்களுக்குள்ளோ இறந்திருந்தன. தோலிலும் மூட்டிலும் அழற்சி நோய்கள் சற்று அதிகமாகத் தெரிந்தன. எண்ணிக்கை சிறியது என்பதையும், ஒப்பிட்டது எம்.ஆர்.ஐ.யே எடுக்காதவர்களோடு என்பதையும் கவனிக்க வேண்டும். காடோலினியம் ஏற்றாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களோடு ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், இறப்பில் அந்த அதிகரிப்பு தென்படவில்லை. ஆனாலும் நான் வழிகாட்டுதல்களின் பக்கமே நிற்பேன்: தாயின் சிகிச்சையையே மாற்றக்கூடிய பதில் வேறு எப்படியும் கிடைக்காது என்றால் மட்டுமே காடோலினியம். கர்ப்பிணிக்கான பெரும்பாலான கேள்விகளுக்கு அது இல்லாமலே விடை கிடைத்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள இன்னும் ஒன்று. குழாய்க்குள் அரை மணி நேரமோ கூடவோ அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறேழு மாதத்துக்கு மேல் நேராக மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து இடப் பக்கமாகச் சாய்த்துவிடச் சொல்லலாம். மூச்சு முட்டுவதுபோல இருந்தால் சொல்வதற்குக் கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள்.

சி.டி. எடுத்தே ஆக வேண்டும் என்றால்

கர்ப்பிணிக்குத் திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுவதுதான் பின்னணி. இங்கே ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது உயிரோடு விளையாடுவது. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் சி.டி. எடுப்பதும் சரியில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல வழி காட்டியது. காலில் ரத்தக்கட்டிக்கான அறிகுறி இருக்கிறதா, இருமலில் ரத்தம் வருகிறதா, மற்ற காரணங்களைவிட நுரையீரல் அடைப்புக்குத்தான் வாய்ப்பு அதிகமா என்ற மூன்று கேள்விகள். கூடவே, உடலில் ரத்தக்கட்டி இருக்கலாமா என்று காட்டும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. காலில் அறிகுறி இருந்தால் முதலில் கால் ரத்தக் குழாயில் அல்ட்ராசவுண்ட். அங்கே கட்டி தெரிந்துவிட்டால் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம், நெஞ்சுக்கு ஸ்கேனே வேண்டாம். இந்த வரிசையில் போனதால் 39 சதவீதப் பெண்களுக்கு சி.டி. தேவைப்படவில்லை. முதல் மூன்று மாதத்தில் இருந்தவர்களில் 65 சதவீதத்துக்கு.

மிச்சம் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நெஞ்சு சி.டி. ஆஞ்சியோகிராம்: கருவுக்கு 0.01 முதல் 0.66 மில்லிகிரே. மற்றொன்று, சிறிதளவு கதிரியக்க மருந்தை ஏற்றி நுரையீரலின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது: 0.1 முதல் 0.5. குழந்தையைப் பொறுத்தவரை இரண்டுமே மிகச் சிறியவை. தாயின் மார்பகத்துக்குப் போகும் கதிர் சி.டி.யில் அதிகம், பால் சுரக்கத் தயாராகும் மார்பகத்தில் அது சற்று யோசிக்க வேண்டிய விஷயம். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் இரண்டாவது வழி நன்றாக வேலை செய்யும். நுரையீரலில் ஏற்கெனவே வேறு நோய் இருந்தால் சி.டி. மேல்.

விபத்தில் அடிபட்டு வரும் கர்ப்பிணியிடம் இந்த யோசனைக்கெல்லாம் இடமே இல்லை. தாய் பிழைத்தால்தான் குழந்தை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட், பிறகு மற்ற நோயாளிக்கு என்ன சி.டி. எடுப்பார்களோ அதையே தாமதிக்காமல் எடுக்க வேண்டும். குடல்வால் சந்தேகத்திலும் அப்படித்தான்: நள்ளிரவில் எம்.ஆர்.ஐ. கிடைக்காத ஊரில், வெடிக்கும் வரை காத்திருப்பதைவிட ஒரே ஒரு வயிற்று சி.டி. நல்லது.

சி.டி.க்கு ஏற்றும் அயோடின் மருந்தும் குழந்தையை அடையும். குழந்தையின் தைராய்டை அது பாதிக்குமோ என்ற கவலை இருந்தது, இதுவரை அப்படிக் காணவில்லை. பிறந்ததும் வழக்கமாகச் செய்யும் தைராய்டு பரிசோதனை போதும். கதிரியக்க மருந்து ஏற்றும் ஸ்கேன்களில் டெக்னீசியம்-99எம் வகை மருந்துகள் பெரும்பாலும் 5 மில்லிகிரேக்குள் அடங்கிவிடும். அவை சிறுநீர் வழியே வெளியேறும், சிறுநீர்ப்பையோ கருப்பைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. எனவே ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்துவிடுங்கள். இந்த எளிய காரியமே கருவுக்குச் சேரும் அளவைக் குறைக்கும். முழுக்க ஒதுக்க வேண்டியது அயோடின்-131. சுமார் பத்துப் பன்னிரண்டு வாரத்திலிருந்து குழந்தையின் தைராய்டு அயோடினை இழுத்துச் சேர்க்கத் தொடங்கிவிடும், அந்த மருந்து அதை அழித்துவிடும்.

தெரியாமல் எடுத்துவிட்டால்

நாள் தள்ளிப்போனதே தெரியாமல் எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்துவிட்டு, பிறகு கர்ப்பம் என்று தெரிந்து தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்கள் நிறைய. கரு உருவான முதல் இரண்டு வாரத்தில் அதிகக் கதிர்வீச்சு பட்டால் கரு தங்காமல் போகலாம். தங்கிவிட்டால், குறையில்லாமல் வளரும். அதற்கும்கூட 50 முதல் 100 மில்லிகிரே தேவை என்பது மதிப்பீடு. அடுத்து உறுப்புகள் உருவாகும் வாரங்களில் பிறவிக் குறைக்கான எல்லை சுமார் 200. எந்த ஸ்கேனும் எடுக்காத கர்ப்பங்களிலும் நூற்றுக்குச் சுமார் மூன்று குழந்தைகள் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? எந்த இடத்தில், எத்தனை படம், எந்த நாளில் என்று குறித்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். சி.டி.யாக இருந்தால் இயந்திரமே அளவைப் பதிவு செய்து வைத்திருக்கும். அதிலிருந்து கருவுக்கு எவ்வளவு சேர்ந்தது என்று மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டுச் சொல்வார். 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க நியாயமில்லை என்று கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2000-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'பார்த்துக்கலாம்' என்ற மழுப்பலையோ 'கலைத்துவிடுங்கள்' என்ற அவசரத்தையோ ஏற்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகும் ஒரு வீண் பயம் தொடர்கிறது. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் முழுக்கத் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் தாய்மார்கள் இருக்கிறார்கள். சி.டி.க்கு ஏற்றும் அயோடின் மருந்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் பாலில் கலக்கிறது, அதிலும் நூறில் ஒரு பங்கைக்கூடக் குழந்தையின் குடல் உறிஞ்சுவதில்லை. காடோலினியம் இன்னும் குறைவு, 0.04 சதவீதத்துக்குள். இரண்டுக்குமே பாலை நிறுத்த வேண்டியதில்லை, ஸ்கேன் அறையிலிருந்து வந்து நேராகவே புகட்டலாம். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. எதுவும் பாலில் எதையும் விட்டுவைப்பதில்லை. கதிரியக்க மருந்து ஏற்றும் ஸ்கேன்களில் மட்டும் எந்த மருந்து, எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று ஸ்கேனுக்கு முன்பே கேட்டுக்கொண்டு, தேவையான பாலை முன்கூட்டியே பீய்ச்சி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அயோடின்-131 தர வேண்டியிருந்தால், அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை அதற்கு முன்பே முழுதாக நிறுத்திவிட வேண்டும்.